குளிரில்லாத ஊரின் பனிக்காலம்

டிசம்பர் பிறந்ததும் குளிர்கால நலக்குறிப்புகள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. கம்பளி போர்த்துங்கள், நெய்யைக் கூட்டுங்கள், வெயிலில் உட்காருங்கள் என்று அவை சொல்வதெல்லாம் டெல்லிக்கும் சிம்லாவுக்கும் பொருந்தலாம். திருவனந்தபுரத்தில் ஜனவரி விடியற்காலை வெப்பம் சுமார் 22, 23 டிகிரி செல்சியஸ். அதே நாள் பிற்பகலில் 31, 32 டிகிரி. இந்த ஊருக்கு வேண்டிய பனிக்காலக் கவனிப்பு வேறு மாதிரியானது. அது பெரும்பாலும் இந்த மண்ணின் பழக்கங்களிலேயே இருக்கிறது. அவற்றில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதைத் திருத்திக்கொள்வது என்பதுதான் கேள்வி.

இங்கே எது பனிக்காலம்?

ஐப்பசி, கார்த்திகையில் துலாவர்ஷம் என்று இவ்வூரார் சொல்லும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்கிறது. பிறகு மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. மழை நின்றதும் காற்றின் ஈரம் குறைகிறது. உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது, தொண்டை கரகரக்கிறது. விடியலுக்கும் உச்சிப்பொழுதுக்கும் ஒன்பது, பத்து டிகிரி வித்தியாசம். உடல் இரண்டையும் ஒரே நாளில் தாங்க வேண்டியிருக்கிறது.

பனிக்காலத்தில் பசித்தீ வலுக்கும், அதனால் நெய்ப்பும் இனிப்பும் கொண்ட கனத்த உணவு உண்ணலாம் என்று அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. கடுங்குளிரில் உடலுழைப்போடு வாழ்ந்தவர்களுக்கு அது சரி. நாளெல்லாம் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருப்பவர் அதைப் பின்பற்றினால் எடையும் சர்க்கரையும்தான் ஏறும். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் இது ஒன்று. இந்த மாநிலத்தில் பருவத்தின் பெயரைச் சொல்லி இனிப்பைக் கூட்டுவதற்கு இடமில்லை.

தாகம் தெரியாத நாள்களில் தண்ணீர்

வியர்வை குறைந்தால் தாகமும் குறைகிறது. ஆனால் பகல் வெயில் குறையவில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, மதியத்தில் தலை கனப்பது, மலம் இறுகுவது எல்லாம் தண்ணீர் போதவில்லை என்பதற்கு உடல் தரும் தகவல்.

கேரளத்து வீடுகளில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பார்கள். கருங்காலியோ சுக்கோ சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்கவைப்பது வழக்கம். பதிமுகம் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீரை ஊருக்குப் புதிதாக வருபவர்கள் சாப்பாட்டுக் கடையில் பார்த்து வியப்பார்கள். அந்தக் கட்டைகளுக்குப் பெரிய மருந்துக் குணங்களை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கொதித்ததே முதல் நன்மை. அந்த நன்மையை ஒரு சின்னத் தவறு கெடுத்துவிடுகிறது: சூடாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் கொடுப்பது. மஞ்சள்காமாலைக் கிருமி வருவதற்கு அந்த அரைத் தம்ளர் போதும். கொதித்த நீரை மூடிவைத்துத் தானாக ஆறவிடுங்கள். கடையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தால் எப்படி ஆற்றினீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

எண்ணெயும் குளியலும்

தோல் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் எளிய, நல்ல மருந்து. லேசான வறட்சியில் அது பயன் தருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. குளித்துத் துவட்டியதும், தோலில் ஈரம் இருக்கும்போதே, கால்களிலும் முழங்கைகளிலும் மெல்லத் தடவினால் ஈரம் உள்ளேயே தங்கும். வாரத்தில் ஒருநாள் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது மூட்டு இறுக்கத்துக்கு இதம். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொண்டால் மற்ற இடங்களில் தோலின் இயல்பான எண்ணெய் போகாது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

அடுத்தது குளம். மண்டல விரதக் காலத்தில் ஐயப்ப பக்தர்களும் தனுமாதத் திருவாதிரையில் பெண்களும் விடியுமுன் குளத்தில் மூழ்குவது இந்நாட்டின் அழகான வழக்கம். ஆனால் 2024-இலும் 2025-இலும் கேரளத்தில் அமீபிக் மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. திருவனந்தபுரம் மாவட்டமும் தப்பவில்லை. நேக்ளேரியா என்ற அமீபா தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. தண்ணீர் மூக்குக்குள் ஏறும்போது மூளையை எட்டுகிறது. குடிப்பதால் வராது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றாது. வந்தால் உயிர்பிழைப்பது அரிது. நம் குளங்கள் மார்கழியிலும் அந்த அமீபாவுக்கு வேண்டிய அளவு வெதுவெதுப்பானவையே. பாசி படர்ந்த, ஓட்டமில்லாத குளத்தில் தலைமூழ்க வேண்டாம். விரதத்தை வீட்டுக் குளியலறையிலும் முழுமையாக நோற்கலாம்.

யோக வகுப்புகளில் கற்றுத்தரும் ஜலநேதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூக்கைக் கழுவ விரும்புவோர் கொதித்து ஆறிய நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடவே கூடாது.

கிழங்குகளின் மாதம்

இந்தப் பருவத்தின் உண்மையான செல்வம் நிலத்துக்கடியில் விளைகிறது. திருவாதிரை நோன்பன்று பெண்கள் அரிசிச் சோற்றை விலக்கிப் புழுக்கு சமைப்பார்கள். காச்சில், சேம்பு, கூர்க்கை, சேனை, நேந்திரன் காய் எல்லாம் தட்டைப்பயறோடு வெந்து, தேங்காய் அரைப்பில் கலக்கும். கூடவே கூவைக்கிழங்கு மாவில் பாயசம். நோன்பின் பெயரால் ஒருநாள் அரிசியிலிருந்து விடுதலை, நார்ச்சத்து மிகுந்த உணவு, பயறிலிருந்து புரதம். இதை வகுத்த பெண்கள் தங்கள் உடலை நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

கூர்க்கை என்பது நமது சிறுகிழங்குதான். மார்கழிக் கடைசியில் சாலைக் கம்போளத்தில் மண் ஒட்டிய சிறுகிழங்கைப் பார்த்தால், கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் நெருங்கிவிட்டது என்று பொருள். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் பொங்கல் படையலில் அதற்குத் தனியிடம் உண்டு. இந்தப் பயிர்களுக்காகவே மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இதே நகரத்தில், ஸ்ரீகாரியத்தில் இயங்கிவருகிறது. சிறுகிழங்கில் அவர்கள் உருவாக்கிய ரகத்தின் பெயர் ஸ்ரீ தாரா.

நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கைப் பயந்து ஒதுக்க வேண்டாம். சோற்றோடு கூட்டாமல், சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும். பயறும் கீரையும் துணையாக இருந்தால் சர்க்கரை மெல்ல ஏறும். சேனையிலும் சேம்பிலும் ஆக்சலேட் இருக்கிறது. நாக்கு அரிப்பதற்கு அதுவே காரணம். புளி சேர்த்து நன்றாக வேகவைப்பது அதற்காகத்தான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவு பார்த்துச் சாப்பிடுவது நல்லது. நெல்லிக்காய் மலிவாகக் கிடைப்பதும் இந்த மாதங்களில்தான். நாளுக்கு ஒன்றைப் பச்சையாகத் தின்றால் வைட்டமின் சி-க்கு மாத்திரை தேவையில்லை.

சளியும் காய்ச்சலும்

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் தானே போகும். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. துளசி, இஞ்சி, மிளகு போட்ட கருப்பட்டிக் காப்பி, பனிக்கூர்க்கை என்று இங்கே அழைக்கும் கற்பூரவல்லிச் சாறு, உப்புநீரில் கொப்பளிப்பு இவையெல்லாம் தொல்லையைத் தணிக்கும். இரவு இருமலுக்கு ஒரு கரண்டித் தேன் நல்லது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது. ஆவி பிடிக்க வெறும் வெந்நீரே போதும். சூடத்தைத் தவிர்த்துவிடுங்கள், குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரும்.

மழை ஓய்ந்த வாரங்களில் வரும் காய்ச்சலைச் சளிக்காய்ச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவை நினையுங்கள். அப்போது பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரைகள் வேண்டாம். கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் என்றால் அன்றே மருத்துவமனை. குளத்தில் குளித்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. முதியோர், ஆஸ்துமாவும் நீரிழிவும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

வெயிலும் புகையும்

இங்கே டிசம்பர் 22 நண்பகலில்கூட சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. வைட்டமின் டி-க்குச் சிறிது நேர வெயில் போதும், மதிய வெயிலுக்குக் குடை வேண்டும். நடப்பதற்கு ஆண்டிலேயே இனிய மாதங்கள் இவைதான். மியூசியம் வளாகத்திலும் கனகக்குன்றிலும் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அந்த இனிமையைக் கெடுப்பது சருகெரிப்பு. வீட்டு முற்றத்தில் காய்ந்த இலையைக் கூட்டித் தீவைத்தால், அசையாத பனிக்காற்றில் அந்தப் புகை தாழ்ந்தே தங்குகிறது. பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளிக்கு அது மூச்சுத்திணறல். சருகைத் தென்னை மூட்டிலேயே குவித்துவிடுங்கள், உரமாகும்.

செடியிலிருந்து வந்ததும் மருந்துதான்

கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இல் ஆய்விதழில் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. காரணம், சேனையில் நாக்கை அரிக்கும் அதே ஆக்சலேட், சாறாகக் குடித்ததால் பெருமளவில் உள்ளே போனது. குழம்பில் புளிப்புக்காகப் போடும் நாலு காயால் இப்படி நேராது. தொண்டைக்கு நல்லது என்று வாரக்கணக்கில் அதிமதுரம் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும். 1889-இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இந்த நகரின் நடுவிலேயே இருக்கிறது. பட்டம் பெற்ற வைத்தியர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யூடியூப் சொல்லும் கஷாயத்தை நம்புவானேன்? அவர்களிடம் போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

பருவத்தின் கடைசிப் பகுதி

கும்பமாதத்தில், பின்பனி முடியுமுன்பே, ஆற்றுக்கால் பொங்காலை வந்துவிடுகிறது. குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வரும் தமிழ்ப் பெண்கள் உட்பட லட்சக்கணக்கானோர் தெருவோரம் செங்கல் கூட்டி, வெயிலுக்கும் விறகுப் புகைக்கும் நடுவே மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். வெறும் வயிற்றோடு, சிறுநீர் கழிக்க இடமில்லையே என்று தண்ணீரும் குடிக்காமல் இருப்பவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். பொங்காலைக்கு வரும் சகோதரிகளே, பருத்திப் புடவை உடுத்துங்கள், இன்ஹேலரையும் வழக்கமான மாத்திரைகளையும் இடுப்புப் பையில் வையுங்கள், விரதத்திலும் தண்ணீரையும் மோரையும் விடாதீர்கள்.