நுனியில் இருக்கும் குழந்தைப் பருவம்

ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சோழித் தோரணம், சிப்பிப் பொம்மை, பெயர் பொறித்த சங்கு என்று கண்ணைப் பறிக்கும். பரிசாகக் கொடுக்க ஒரு சங்கை வாங்குகிறவர்கள் அதன் பளபளப்பையும் எடையையும் பார்ப்பார்கள். ஒரு கணம் அதன் கூரிய நுனியையும் பாருங்கள். அங்கே இருக்கும் சின்னஞ்சிறு சுற்றுதான் அந்த உயிர் பிறந்தபோது குடியிருந்த வீடு. அதை அது இடிக்கவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. வளர வளர வாய்ப்பக்கத்தில் கட்டிக்கொண்டே போனது. பெரிதாகியும் வடிவம் மாறவில்லை. குழந்தைப் பருவத்தை இப்படி முழுசாகத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உயிர்கள் படைப்பில் எத்தனை இருக்கும்!

மன்னார் வளைகுடாவில் சங்கு முட்டையிடும் விதமே தனி. ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிய நீண்ட முட்டைக்கூட்டின் ஒரு முனையை மணலில் ஊன்றி வைக்கிறது தாய். அதன் அறைகளுக்குள்ளேயே குஞ்சுகள் ஓடு கட்டத் தொடங்கிவிடுகின்றன. வெளியே வரும்போது ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சங்கு. எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்பது அதற்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. நத்தை இனங்களில் கரு நான்கு உயிரணுவிலிருந்து எட்டாகப் பிரியும் நேரத்திலேயே சுருளின் திசை தெரிந்துவிடும். அதை விதிப்பது தாயின் மரபணு. நாம் பூசையறையில் வைத்துப் போற்றும் வலம்புரியின் அபூர்வம் கண்ணுக்கே தெரியாத அந்தத் துளியில் தொடங்குகிறது.

ஓட்டின் பொருள் என்னவோ சாதாரணச் சுண்ணாம்புதான். உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைப்படலம் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து, துளிப் புரதம் சேர்த்து, ஓரத்தில் படிய விடுகிறது. உலையும் இல்லை, உளியும் இல்லை. முத்துச்சிப்பியின் உட்புறத்தில் அந்தச் சுண்ணாம்புத் தட்டு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனம். இடையிடையே புரதம் வைத்து ஆயிரக்கணக்கில் அடுக்கியிருப்பதால்தான் அது எளிதில் உடைவதில்லை. அதில் மின்னும் வானவில்லுக்குச் சாயமே கிடையாது, தட்டுகளுக்கிடையே ஒளி புரியும் விளையாட்டு அது. சோழியின் வழவழப்பும் யாரும் தேய்த்து வந்ததல்ல. உயிரோடு இருக்கும்போது அந்தச் சதைப்படலம் வெளிப்புறமும் வந்து மூடிக்கொள்கிறது, பாசியோ கொட்டலசோ ஒட்ட விடுவதில்லை.

கரையில் பொறுக்கும் சிப்பிகள் சிலவற்றில், உச்சிக்கு அருகே, வெளியே அகன்று உள்ளே குறுகிய வட்டத்துளை ஒன்று இருக்கும். மாலை கோக்கிறவர்களுக்கு அது வரம், துளை போடும் வேலை மிச்சம். வேறொரு நத்தை அமிலத்தால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாவால் மெல்லக் குடைந்து, உள்ளிருந்ததைத் தின்ற அடையாளம் அது. ஒரு சாவின் தடம் கழுத்து மாலைக்கு வழியாவதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். ஆனாலும் கடலின் கணக்கில் எதுவும் வீண் போவதில்லை.

நாம் வீசி எறிந்ததைக்கூட அது திருத்தித் தருகிறது. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1906 முதல் 1967 வரை குப்பையைக் கடலோரத்தில்தான் கொட்டினார்கள். உடைந்த பாட்டில்களை அலையும் மணலும் பல ஆண்டுகள் உருட்டித் தேய்த்தன. இன்று கூர்மை போய், பனி படர்ந்தாற்போன்ற பச்சை, பழுப்பு, வெள்ளைக் கண்ணாடிக் கற்கள் அங்கே கிடக்கின்றன. அந்தப் பொறுமைக்கு நாம் தகுதியானவர்கள்தானா என்று தோன்றுகிறது.

சங்கும் சிப்பியும் சேர்த்துக் கைவினை செய்வது நல்ல பழக்கம். பிள்ளைகளுக்கு அவசியம் கற்றுக்கொடுக்கலாம். பொறுக்கியவற்றைச் சுத்தம் செய்ய, நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் போதும். அமிலத்தில் போட்டால் பளபளக்கும், ஆனால் மேலே இருந்த கோடும் நிறமும் கரைந்துபோகும்.

பொறுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கையில் எடுத்த சங்கைக் கொஞ்ச நேரம் மணலில் வைத்துப் பாருங்கள். கால் நீண்டால் அது துறவி நண்டு. அதற்குச் சொந்தமாகச் சங்கு கட்டத் தெரியாது, வெறுஞ்சங்குதான் வீடு, விட்டுவிடுங்கள். உள்ளே பூச்சி உயிரோடிருந்தால் தண்ணீரிலேயே விடுங்கள். கூம்பு வடிவச் சங்கு என்றால் தொடவே வேண்டாம், அதன் விஷமுள் ஆளைக் கொல்லக்கூடியது. கடையில் நாட்டிலஸோ ராட்சத மட்டியோ விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை அவை. பரிசு கொடுக்க ஒரு கைப்பிடி போதும், மிச்சத்தைக் கரையிலேயே விட்டு வாருங்கள்.