விதைக்குத் தக்க முட்டை

வண்டு விழுந்த பாசிப்பயற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை பயறு வண்டின் முட்டைகள். பொரிந்த புழு வெளியே தலைகாட்டுவதே இல்லை. முட்டையின் அடியைக் கடித்துக்கொண்டு நேரே விதைக்குள் இறங்கிவிடும். தாய் எந்த விதையில் ஒட்டினாளோ அதற்குள்தான் அதன் வளர்ச்சி முழுவதும்; பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குப் போக முடியாது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டேட்டர் லிம்பேட்டஸ் என்ற வண்டு அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வாழ்கிறது. உளுந்தைவிடச் சிறியது. அது முட்டையிடும் மரங்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, பூனை நகம் போல வளைந்த முள்ளுள்ள வேலமரம். அதன் விதைக்குள் புகுவது எளிது. பெரும்பாலான புழுக்கள் பிழைத்துவிடும். மற்றது நீலப் பாலோவெர்டி, தண்டெல்லாம் பச்சையாக இருக்கும் மரம். அதன் விதைத்தோலைத் துளைக்கும்போதே ஏராளமான புழுக்கள் செத்துப்போகின்றன.

தாய் வண்டு வேல விதையில் சிறிய முட்டைகளை நிறைய இடுகிறது; பாலோவெர்டி விதையில் பெரிய முட்டைகளாக, ஆனால் குறைவாக இடுகிறது. ஒரே வண்டுக்கு விதையை மாற்றிக் கொடுத்தாலும், அடுத்தடுத்து வரும் முட்டைகளின் அளவு மாறிவிடுகிறது.

சார்லஸ் ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் உரசிப் பார்த்தது. முதல் முட்டை இடும்வரை சில வண்டுகளை வேல விதையோடும், சிலவற்றைப் பாலோவெர்டி விதையோடும் வைத்திருந்தார்கள். பிறகு இரு தரப்பின் முட்டைகளையும் பாலோவெர்டி விதையிலேயே வளரவிட்டார்கள். வேல விதையை நம்பிச் சிறிய முட்டையிட்ட தாய்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பெரிய முட்டையிலிருந்து வந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று முழு வண்டாக வெளியே வந்தது.

அப்படியானால் எப்போதும் பெரிதாகவே இட்டுவிடலாமே? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. இந்த வண்டு வளர்ந்தபின் உண்ணாமலே முட்டையிடக்கூடியது. புழுவாக இருந்தபோது விதைக்குள் தின்று சேர்த்ததுதான் அதன் கையிருப்பு. ஒரு முட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்று குறையும். முட்டைக்குள் இருக்கும் பிள்ளையைக் கேட்டால் பெரிய முட்டைதான் வேண்டும் என்று சொல்லும். தாய்க்கோ, மொத்தம் எத்தனை பிழைக்கும் என்பதே கேள்வி. வேல விதையில் சிறிய முட்டையே போதும்போது பெரிதாக இடுவது வீண் செலவு. ஸ்மித், ஃப்ரெட்வெல் என்ற இருவர் 1974-லேயே இந்தப் பேரத்தைக் கணித வடிவில் எழுதிவிட்டார்கள். ஆனால் இடத்துக்கு இடம் விலையை மாற்றிப் பேரம் பேசும் தாயை இந்த வண்டிடம் நேரில் பார்க்கிறோம். மூளை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத உயிருக்கு இது சாமானியமான வேலை அல்ல.

இன்னும் விசித்திரமானது, அதே பாலோவெர்டியில் முட்டையிடும் மிமோசெஸ்டெஸ் அமிகஸ் என்ற மற்றொரு வண்டு. முட்டைகளைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் அதற்கு எமன். ஆகவே அது முட்டையின் மேல் முட்டையை அடுக்குகிறது. மேலே இருப்பது தட்டையானது, பொரியாது. குளவி அதைக் குத்தி ஏமாறும். அடியில் இருக்கும் முட்டை தப்பும். குளவிகள் சுற்றித் திரிந்தால் தாய் இந்த அடுக்குகளை இன்னும் அதிகமாகவே வைக்கிறது.