உரிமம் வேண்டாம், ஆனால் தோட்டா வகையை மாற்றக்கூடாது!

பெங்களூரு: குடகு மக்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் சலுகை செல்லும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால், அதே துப்பாக்கியை வேறு வகைத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தால் அந்தச் சலுகை கைகொடுக்குமா? சட்டத்தைப் படித்தால், கொடுக்காது என்றே தோன்றுகிறது.

காரணம், 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதச் சட்டத் திருத்தம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க மசோதா முன்மொழிந்ததும், எதிர்ப்புக்குப் பிறகு அது இரண்டானதும்தான் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. 6-ஆவது பிரிவில் சேர்க்கப்பட்ட சில சொற்களை அதிகம் பேர் கவனிக்கவில்லை. குழலைக் குறுக்குவதையும், போலித் துப்பாக்கியை அசலாக்குவதையும் மட்டுமே தடுத்துவந்த அப்பிரிவு, உரிய உரிமமின்றி ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் குற்றமாக்கியது. தண்டனை, குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். திருத்தத்துக்கு முன் 6-ஆவது பிரிவை மீறியோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள்தான்.

.22 ரிம்ஃபயர் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இது முக்கியமானது. இவ்வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிப்பாகத்தின் விளிம்பில் இருக்கிறது. சுடும் ஊசி விளிம்பில் அடிக்கிறது. சென்டர்ஃபயர் தோட்டாவில் அது நடுவில் அடிக்க வேண்டும். அழுத்தமும் பெரும்பாலும் இரு மடங்குக்கு மேல். ஆகவே மாற்றம் என்பது குழலோடு நிற்பதில்லை. போல்ட், ஊசி, மேகசின் என எல்லாவற்றையும் தொடுகிறது. பிழைத்தால் முதலில் காயப்படுவது சுடுபவரின் முகம். 1962 ஆயுத விதிகளைப் போலவே 2016 விதிகளும் .22 ரிம்ஃபயரை மற்ற ரைஃபிள்களிலிருந்து பிரித்தே வகைப்படுத்தியுள்ளன.

விந்தை என்னவெனில், இத்தகைய மாற்றங்களை அதிகம் செய்தது அரசுதான். ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பயிற்சிக்காக .22-ஆக மாற்றப்பட்டன, போலீஸாருக்காக.410 மஸ்கெட்டுகளாகவும் மாறின. பொதுமக்களுக்கு .303 மறுக்கப்பட்டதால், இச்சாப்பூர் தொழிற்சாலை ஏறத்தாழ அதே அமைப்பில் .315 ரைஃபிளைத் தயாரித்து விற்றது.

குடகில் ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடுவது மரபு. கைல்போத் விழாவில் துப்பாக்கிக்குப் பூஜையும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்து தொடரும் அவர்களது விலக்கு, ஆயுதச் சட்டத்தின் 3, 4-ஆவது பிரிவுகளுக்கு, அதாவது வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும், உரியது. மாற்றியமைப்பது குறித்த 5, 6-ஆவது பிரிவுகள் அதில் இல்லை. பழைய துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்காத குடும்பம், உள்ளூர் பட்டறையில் வேறு வகைக்கு மாற்றிக்கொண்டால் சட்டம் அதைத் தனியாகவே பார்க்கும்.

மத்திய உள்துறை அமைச்சகம் 2019 அக்டோபரில் நீட்டித்த இந்த விலக்கு, 2029 அக்டோபர் 31-ஆம் தேதி வரை செல்லுபடியாகும்.