அது அடம் இல்லை, அவன் பேசும் மொழி



வாரம் தவறாமல் குழுக் கூட்டத்துக்கு வந்த உறுப்பினர் ஒருவர் திடீரென்று வருவதில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்புகிறார். போய்க் கேட்டால், "எங்கக்கா வர்றது? இவனைக் கூட்டிட்டு வந்தா கத்தி ஊரைக் கூட்டிடுறான். புள்ள வளர்க்கத் தெரியலைன்னு ஆளாளுக்குப் பேசுறாங்க" என்று கண் கலங்குகிறார். பையனுக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

இப்படி ஒரு வீடு நம் ஊரிலும் இருக்கலாம். இது ஆட்டிசமாக இருக்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பேயோ தோஷமோ காரணம் இல்லை. தாயின் வளர்ப்பும், தடுப்பூசியும் காரணம் இல்லை. இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. "மூணே மாசத்துல சரி பண்றேன்" என்று யாராவது சொன்னால், குழுக் கடன் வாங்கிக் கொடுத்து ஏமாற வேண்டாம். ஆனால் சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினால் நல்ல முன்னேற்றம் உண்டு.

ஏன் கத்துகிறான்?

நமக்குப் பல் வலித்தால் வாய்விட்டுச் சொல்கிறோம். அவனால் சொல்ல முடியவில்லை, கத்துகிறான். ஏதோ வேண்டும், ஏதோ பிடிக்கவில்லை, சத்தம் தாங்கவில்லை, உடம்பு வலிக்கிறது. இதில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கத்துவதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். மிக்ஸி போடும்போதெல்லாம் கத்துகிறான் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. புதிதாகத் திடீரென்று கத்த ஆரம்பித்தால் காது, பல், வயிறு வலியா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. அவன் எதிரில் உட்கார்ந்து, "சாப்பிட வா" என்று இரண்டே வார்த்தையில் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

2. கேட்க ஒரு வழி கொடுங்கள். காலி பிஸ்கட் உறையை அட்டையில் ஒட்டி வையுங்கள். அதை எடுத்துக் கொடுத்தால் உடனே பிஸ்கட் கொடுங்கள். தம்ளரைத் தொட்டால் "தண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். இதனால் பேச்சு நின்றுபோகாது. பேச்சுக்கு இது துணைதான்.

3. "வாழைப்பழமா, முறுக்கா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

4. குளியல், சாப்பாடு, பள்ளி என்று படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். "முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. சொன்னதைச் செய்தால் அந்த நிமிஷமே பாராட்டுங்கள்.

6. கத்தும்போது அடிக்காதீர்கள். கூட்டத்தை விலக்கி, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள். தலையை முட்டினால் தலையணை வையுங்கள்.

7. சொல்லாமல் வெளியே ஓடும் பிள்ளைகள் உண்டு. கிணறு, குட்டை பக்கம் கவனம் தேவை. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாவட்ட அளவில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் பரிசோதியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும், 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கும் வழி கேளுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் பாருங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அந்தத் தாய் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்றால், அடுத்த கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் வைப்போம். பையன் கத்தினால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். "என்ன கேக்குறான்?" என்று அம்மாவிடம் கேட்போம். அந்த ஒரு கேள்வியே அவருக்குப் பெரிய தெம்பு.