திரையில் ஆடும் ஊசல்

வேலை நிமித்தம் வைட்ஃபீல்டில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால், மாலை நேரம் எப்படிக் கழியும் என்று சொல்லத் தேவையில்லை. டியூஷன், மாதிரி வினாத்தாள், மறுபடியும் டியூஷன். ஓம் விதியைப் பிழையின்றி எழுதிக் காட்டும் அந்தப் பிள்ளையிடம், "இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் ஏன் மங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சற்றே தடுமாறும். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. கம்பிக்குள் ஓடுவதை யார் கண்டார்கள்?

அதைக் கண்ணால் காண வழி இருக்கிறது. 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கணினித் திரையிலேயே சோதனைகளைச் செய்து பார்க்கும் ஏற்பாடு இது, சிமுலேஷன் என்கிறார்கள். காசு கட்ட வேண்டியதில்லை. மின்சுற்றுப் பகுதியில் பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்து வந்து நாமே இணைக்கலாம். எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக ஊர்ந்து போகும். இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்ததும் அந்த ஊர்வலம் மெதுவாகும், பல்பும் மங்கும். பேட்டரியின் இரு முனைகளை வெறும் கம்பியால் இணைத்தாலோ திரையில் தீப்பற்றும்! வீட்டில் இதைச் செய்து பார்க்க எந்த அம்மா சம்மதிப்பார்?

இது வெறும் விளையாட்டு அல்ல. 2005-இல் அந்தப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் நிஜமான பல்பு, கம்பிகளோடும், மற்றவர்கள் இந்தச் சிமுலேஷனிலும் பயின்றார்கள். பிறகு நிஜக் கம்பிகளைக் கொடுத்துச் சுற்று அமைக்கச் சொன்னபோதும், திரையில் பயின்றவர்களே மேலாகச் செய்து விளக்கினார்கள்.

நம் நாட்டிலும் அம்ருதா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கு 'ஓலேப்ஸ்' என்ற இணைய ஆய்வகத்தை உருவாக்கியுள்ளன. ஆனால் நம்மவர்களுக்கு ஃபெட்டில் இன்னொரு நன்மை உண்டு. அதன் சோதனைகளில் பல தமிழிலேயே கிடைக்கின்றன. பள்ளியில் ஆங்கிலத்தில் பாடம் படித்து, கன்னடத்தில் நண்பர்களோடு பேசும் பிள்ளை, 'மின்தடை', 'ஈர்ப்பு' என்ற சொற்களை இங்கே வேறெங்கு கேட்கப் போகிறது? ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

ஒரு வேண்டுகோள். திரையோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபெட்டின் ஊசல் சோதனையில் 1 மீட்டர் நீளம் வைத்தால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும். எடையைக் கூட்டினாலும் மாறாது. நிலவுக்குப் போனால் ஏறக்குறைய 5 விநாடி. பார்த்து முடித்ததும் பால்கனிக்கு வந்து, ஒரு மீட்டர் கயிற்றில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, பத்து அலைவுகளை எண்ணச் சொல்லுங்கள். பாட்டி கடிகாரத்தைப் பார்க்கட்டும். 20 விநாடியை ஒட்டி வரும். கயிற்றைக் கால் மீட்டராகக் குறைத்தால் பாதி நேரம்தான்.

கொஞ்ச நேரத்தில் பூட்டு நின்றுவிடும். உராய்வு இல்லை என்று வைத்த திரை ஊசலோ உள்ளே இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.