சாலையிலும் உண்டு ஐந்தாம் கட்டளை

புதிதாக வாங்கிய வாகனத்தை ஆலய முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது நம் பங்குகளில் வேரூன்றிய நல்வழக்கம். குருவானவர் செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். குடும்பத்தார் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றனர். கார், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, சில வேளைகளில் லாரியும் வருவதுண்டு. ஆனால் மிதிவண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோர் மிகச் சிலரே. ஏழையின் வாகனம்தானே, அதற்கு ஏன் இத்தனை சடங்கு என்று எண்ணுகிறார்கள் போலும். ஆயினும் நம் நகரச் சாலைகளில் இறைவனின் காவலும் மனிதரின் கவனமும் மிகுதியாகத் தேவைப்படுவது அந்த மிதிவண்டிக்கே.

விடியுமுன் பால் கொண்டுசெல்பவர், செய்தித்தாள் போடும் இளைஞர், சித்தாள் வேலைக்குச் செல்பவர், கூடையில் மீன் எடுத்துச் செல்பவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் முதியவர், புத்தகப் பையுடன் செல்லும் மாணவர் ஆகியோரே இன்றும் மிதிவண்டியை நம்பி வாழ்கின்றனர். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் பிறர் துணையின்றி வெளியே சென்றுவரும் உரிமையை அந்த இரு சக்கரங்களில் கண்டனர். தமிழ்நாடு அரசு 2005-06ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆகியவற்றின் மேல்நிலை மாணவர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கியது. பிள்ளையின் கையில் மிதிவண்டியைக் கொடுத்த சமுதாயம், அப்பிள்ளை மாலையில் பத்திரமாக வீடு திரும்பவும் வழி செய்தாக வேண்டும் அன்றோ?

விதியின் மேல் பழி போடலாமா?

நடுவண் அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 462 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். இவ்வளவு பேர் ஒரு கொள்ளை நோயில் மாண்டிருந்தால் நாடே அலறியிருக்கும். சாலையில் மாண்டதால், "தலைவிதி", "கடவுள் சித்தம்" என்று சொல்லி ஆறுதல் தேடுகிறோம்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். துயருற்ற குடும்பத்திற்கு நம்பிக்கை தரும் சொல் தேவை. அதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் மனிதரின் அலட்சியத்தைக் கடவுளின் சித்தம் என்று பெயர் மாற்றுவது பக்தியன்று. தம்பியின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டபோது ஆண்டவர் காயினிடம் கணக்குக் கேட்டார், விதியிடம் கேட்கவில்லை.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓர் எருது ஒருவரை முட்டிக் கொன்றால், அதுவரை முட்டும் பழக்கம் அதற்கு இல்லாதிருந்தால், உரிமையாளர் மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டும் எருது என்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் அவர் அதைக் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப் பழி அவரைச் சேரும். இணைச் சட்டத்தின் 22ஆம் அதிகாரமோ, புதுவீடு கட்டுகிறவர் மாடியில் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்றும், இல்லையேல் தவறி விழுந்தவரின் இரத்தப் பழி அவ்வீட்டின் மேல் வரும் என்றும் எச்சரிக்கிறது. ஆபத்தை அறிந்தவர், அதைத் தடுக்கும் வலிமை பெற்றவர், தடுக்கவும் கடமைப்பட்டவர் என்பதே இவ்விரு சட்டங்களின் சாரம்.

திருச்சபையின் போதனையும் இதையே தொடர்கிறது. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டின் 30ஆம் எண்ணில், வாகன வேகத்திற்கான விதிகளைப் பொருட்படுத்தாதவர்களைப் பெயர் சொல்லாமல் கண்டித்தது. குடிவெறியாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் கற்பிக்கிறது. 2007இல் வத்திக்கானின் குடியேறியோர், பயணிகளுக்கான மேய்ப்புப்பணி அவை, ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகளை வகுத்தது. கொலை செய்யாமையே அவற்றுள் முதலாவது. சாலையில் வலிமை குன்றியவரைக் காக்கவேண்டும் என்பது ஒன்பதாவது.

இடப்பக்கமே இடர்ப்பக்கம்

பொதுவாக அறிவுரை கூறினால் போதாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஆறு சக்கர லாரி ஒன்று சரக்குடன் 18.5 டன் வரை எடை கொண்டிருக்கச் சட்டம் 2018 முதல் இடமளிக்கிறது. மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், லாரியின் எடை 185 மடங்கு. இருவருக்கும் ஒரே சாலை. ஆனால் இருவரும் சமமானவர்கள் அல்லர்.

நம் நாட்டில் ஓட்டுநர் வண்டியின் வலப்பக்கத்தில், உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவை ஒட்டி வருபவரும், முன்பக்க பம்பருக்கு மிக அருகில் நிற்பவரும் அவர் கண்ணுக்குப் புலப்படுவது கடினம். மிதிவண்டியில் வருபவரோ சாலையின் இடது ஓரத்திலேயே செல்கிறார். ஆகவே அவர் ஒதுங்கிச் செல்லும் இடமே ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத இடமாக அமைந்துவிடுகிறது.

கொடிய விபத்துகள் பல நேர்வது, லாரி இடப்பக்கம் திரும்பும்போது. நீண்ட வண்டி திரும்புகையில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. மூலையை ஒட்டி உள்வாங்கிச் செல்லும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு உள்வாங்கும். சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் வந்து நிற்கும் மாணவன், முன்பகுதி தன்னைக் கடந்துவிட்டது என்று நிம்மதியடைகிறான். மறுகணம் பின்சக்கரம் அவனை நடைபாதைக் கல்லோடு நெருக்குகிறது. அங்கே வேகம்கூடக் காரணமன்று. நடக்கும் வேகத்தில் திரும்பும் லாரியும் உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே உள்ள திறந்த பகுதியில் ஆள் விழாதவாறு பக்கவாட்டுத் தடுப்புக் கம்பிகள் பொருத்தப்பட வேண்டும் என்று வாகன விதிகள் கூறுகின்றன. அக்கம்பி வளைந்து தொங்குவதையோ அடியோடு காணாமற்போனதையோ கண்டும் வண்டியை அனுப்பும் உரிமையாளர், முட்டும் எருதைக் கட்டாமல் விட்டவருக்கு ஒப்பானவர்.

வேகத்தின் கணக்கும் எளியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும். அதன்பின், வேகம் இருமடங்கானால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது. எனவேதான் 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் மிதிவண்டியினரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீட்டராக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியது.

வட சென்னையைப் பாருங்கள்

இந்நிலைமையைக் கண்ணால் காண விரும்புவோர் வட சென்னைக்குச் செல்லலாம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் தொடங்கியது. பின்னர் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளின் சாலைகளில் நீண்ட டிரெய்லர் லாரிகள் அணிவகுக்கின்றன. அதே சாலைகளை ஒட்டித்தான் மீனவர் குடியிருப்புகளும் தொழிலாளர் வீடுகளும் பள்ளிகளும் ஆலயங்களும் இருக்கின்றன. நாட்டின் வாணிகம் அவ்வழியே செல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாணிகத்தின் விலையை மிதிவண்டியில் செல்லும் ஏழை தன் உயிரால் செலுத்தவேண்டும் என்பது நீதியன்று.

லாரி ஓட்டுநரைப் பகைவராகக் கருதுவதும் தவறு. அவரும் நம் போன்ற ஒரு குடும்பத் தலைவர். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று வரையறுத்தது. ஆயினும் "நடை"க் கணக்கில் கூலி வாங்குபவர், துறைமுக வாயிலில் பல மணி நேரம் காத்திருந்து, உறக்கமற்ற கண்களோடு வண்டியை எடுக்கும் நிலை நிலவுகிறது. உறங்காத ஓட்டுநரின் கையில் வண்டியைக் கொடுப்பவரும் அவர் செய்யும் பிழையில் பங்காளியாகிறார்.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு நெதர்லாந்து சான்று. மிதிவண்டிகளின் நாடு என்று இன்று புகழப்படும் அங்கே 1971இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினர். காலப்போக்கில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் எழுந்தன; குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. சென்னை மாநகராட்சியும் 2014இல், நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் முதலிடம் தரும் கொள்கையொன்றை ஏற்றது. கொள்கை ஏட்டில் உறங்காமல் சாலைக்கு வருவதற்கு, மக்களின் குரல் ஓயாது ஒலிக்கவேண்டும்.

குடும்பமும் பங்கும் செய்யவேண்டியவை

பெற்றோரே, பிள்ளைகளுக்குச் செபம் கற்பிப்பது போலவே இவற்றையும் கற்பியுங்கள்.

லாரிக்கும் பேருந்துக்கும் இடப்பக்கமாக நுழைந்து முந்தக் கூடாது. சிக்னலில் அவற்றின் அருகே நிற்காமல் பின்னால் நிற்கவேண்டும். ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உனக்குத் தெரியவில்லையென்றால், நீயும் அவருக்குத் தெரியவில்லை என்று அறிந்துகொள். லாரியின் பின்புறச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு செல்வது வீரமன்று, தற்கொலை. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதே; கதவு திடீரெனத் திறக்கக்கூடும். மணலும் குழியும் உள்ள விளிம்பில் ஓட்டாதே. ஒரு முழம் உள்ளே தள்ளி, நேராக, வளைந்து நெளியாமல் ஓட்டு. திரும்புமுன் பின்னால் பார்த்துக் கைகாட்டு.

வாரம் ஒருமுறை பிரேக்குக் கட்டைகளையும் டயர்களையும் பாருங்கள். பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான், மாலையில் விளக்கு, வெளிர்நிற உடை ஆகிய மூன்றிற்கும் ஆகும் செலவு சிறிது, பயனோ பெரிது. தலைக்கவசம் கீழே விழும்போது தலையைக் காக்கும், அணிவது நன்று. ஆனால் லாரிச் சக்கரத்தின் முன் அது காவலாகாது. அதற்கு விலகியிருப்பதே காவல்.

பங்கு மட்டத்திலும் பணி உண்டு. ஆண்டுக்கொரு முறை மறைக்கல்வி மாணவரின் மிதிவண்டிகளை ஆலய முற்றத்தில் சேர்த்து, பழுது பார்த்து, பிரதிபலிப்பான் ஒட்டி, பின்பு மந்திரிக்கலாம். மிதிவண்டி ஓட்டுவோருக்குப் பாதுகாவலியும் உண்டு: இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகிலுள்ள கிசால்லோ குன்றின் அன்னையை 1949இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவ்வாறு அறிவித்தார். நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரை அழைத்து, அவருடைய இருக்கையில் பிள்ளைகளை ஏற்றிவைத்து, அங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்று காட்டச் சொல்லுங்கள். நூறு அறிவுரைகளை விட அது மனத்தில் பதியும். பள்ளி நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை, ஆலய முனையில் வேகத்தடை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கேட்டு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் அன்பியங்கள் மனு அனுப்பலாம்.

அடிபட்டவரைக் கண்டால்

நல்ல சமாரியர் உவமையில் வரும் குருவையும் லேவியரையும் நாம் எளிதில் கண்டிக்கிறோம். ஆனால் சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், காவல் நிலையத்திற்கு அலையவேண்டி வருமே என்று நாமும் விலகிச் செல்கிறோம். அந்த அச்சத்திற்கு இனி இடமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பளித்துள்ளன. தம் பெயரைக் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி இன்னதென்று தெரியாத நிலையிலும், இறந்தவரின் குடும்பத்திற்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத விதவைக்கு அம்மனுவை எழுதிக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன் செல்வது நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் செய்யத்தக்க சிறந்த அறச்செயல்.

நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றைச் சாலை விபத்தில் இறந்தோரை நினைவுகூரும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2005இல் ஏற்றது. அன்றைய திருப்பலியில் அவர்களுக்காக மன்றாடுவோம். ஆனால் இறந்தவர்களுக்காக மன்றாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது, முன்னே மெல்ல மிதித்துச் செல்பவரைக் கண்டு ஒலிப்பானை அழுத்தாமல் வேகத்தைக் குறைப்போம். ஒரு பாக இடம் விட்டுக் கடந்து செல்வோம். அவருக்காக வீட்டு வாசலில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. ஐந்தாம் கட்டளையை அவ்விடத்தில் அனுசரிக்க ஒரு நொடிப் பொறுமை போதும்.