பையில் அடங்கும் பொழுதுபோக்குகள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைபேசி வழியாக வீடு தேடி வந்தன. கடன் வாங்கியேனும் ஒரு கைபேசி வாங்கித் தந்த பெற்றோர் நம் வட்டாரத்தில் அநேகர். பின்னர் பள்ளிகள் திறந்தன. பாடங்கள் கரும்பலகைக்குத் திரும்பின. கைபேசி மட்டும் எங்கள் கையிலேயே தங்கிவிட்டது. "அதைக் கீழே வை" என்று சொல்லாத தாய் இல்லை. கீழே வைத்த கைக்கு வேறு என்ன வேலை என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கைபேசியை நாம் எப்போது நாடுகிறோம் என்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலும் அவை துண்டு நேரங்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், ரேஷன் கடை வரிசை, அடுப்பில் சோறு கொதிக்கும் நேரம். வீட்டிலுள்ள தையல் இயந்திரமோ பூச்செடிகளோ பேருந்து நிலையத்தில் நமக்கு உதவமாட்டா. ஆகவே மாற்றுப் பொழுதுபோக்கும் பையிலேயே இருக்க வேண்டும். எடுத்தவுடன் தொடங்கவும், பேருந்து வந்ததும் நிறுத்தவும் இயல வேண்டும். கைபேசியில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. கைவேலைக்கோ ஒரு வரிசை முடிந்தது என்ற நிறைவு உண்டு.

குரோஷா பின்னல் இதற்கு மிகப் பொருத்தமானது. ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு, அவ்வளவே. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலிசா அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் வேலை புகழ் பெற்றது. ஆனால் அதற்குத் திண்டும் நூல் சுற்றிய கட்டைகளும் வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போக முடியாது! தட்டாங்கல்லையும் மறந்துவிடக் கூடாது. ஐந்து கூழாங்கற்களுக்கு என்ன செலவு?

தீப்பெட்டி லேபிள் சேகரிப்பது நம் ஊருக்கே உரியது. மயில், யானை, சாவி, கப்பல் என்று பழைய பெட்டிகளின் படங்களைக் கத்தரித்து, ஒட்டி, பக்கத்தில் விலையையும் குறித்து வைத்தால் அதுவே ஒரு சரித்திரம். நெடுங்காலம் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் நம் பாட்டிமாரில் பலர். தீப்பெட்டித் தொழிற்கூடங்களில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தது. பொழுதுபோக்கு என்ற ஒன்றுக்கு அவர்கள் கைகள் ஓய்ந்ததேயில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும்தான். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் ஒரு கரிசல் விவசாயி. நாற்பது வயதை நெருங்கும்போதுதான் எழுத்துலகில் அறிமுகமானார். மக்கள் வாயில் வழங்கிய கதைகளைச் சேகரித்தார். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் ஓர் அகராதியே வெளியிட்டார். 1991-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்று, 2021-இல் மறைந்தார். அதே சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமிக்கும் அவ்விருது கிடைத்தது. ஒரே தெருமண்ணில் இரண்டு விருதுகள்!

சொல் சேகரிப்பதில் அவசரமும் இருக்கிறது. பருத்தி எடுத்து முடிந்தபின் காய்ந்து நிற்கும் செடிக்குப் பருத்திமார் என்று பெயர். முன்பு அதுதான் அடுப்பெரித்தது. இப்போது வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டது. காட்டில் மக்காச்சோளம் பெருகிவிட்டது. பொருள் போனால் சொல்லும் அதன் பின்னாலேயே போகிறது. வெஞ்சனம், படப்பு, கருக்கல் முதலியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். உடனே அவர்கள் முகம் மலரும். வெறுஞ்சொல்லை மட்டும் எழுதினால் போதாது. சொன்னவர் எந்த ஊர், எத்தனை வயது, எந்தப் பேச்சின் நடுவே சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில்தான் சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

எங்கள் குறிப்பேடு பாதி நிறைந்திருக்கிறது. விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கத்துச் சகோதரிகள் தத்தம் வீட்டுச் சொற்களை ஒரு தாளில் எழுதி வகுப்பில் கொடுத்தால், சொன்ன பாட்டியின் பெயரோடு அதையும் சேர்த்துக்கொள்வோம்.